ஒரே மலை, மூன்று வயது

எவரெஸ்ட் உச்சியில் கடலடிச் சுண்ணாம்புப் பாறை. நங்க பர்பத்தில் பத்து லட்சம் ஆண்டே ஆன கிரானைட். கொடைக்கானலில், தேய்ந்து மறைந்த ஒரு மலைத்தொடரின் அடிப்பாறை. மலைகள் எப்படி எழுந்தன, எப்படிக் கரைந்தன என்பதை மணலைவிடச் சிறிய கனிமத் துகள்களைக் கொண்டு கணக்கிடுகிறார்கள் நிலவியலாளர்கள்.

‘இமயமலையைவிட மேற்குத் தொடர்ச்சி மலை மூத்தது’ என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். 2012இல் மேற்குத் தொடர்ச்சி மலையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த யுனெஸ்கோவும் தன் குறிப்பை இந்தத் தகவலோடுதான் தொடங்கியது. தகவலில் பிழை இல்லை. ஆனால் மலையின் வயது என்றால் எதன் வயது? அது எந்தக் கல்லால் ஆனதோ அந்தக் கல்லின் வயதா, கண்டங்கள் நெருக்கியதில் அந்தக் கல் மடிந்து மலையான காலமா, இன்று நாம் அண்ணாந்து பார்க்கும் உயரம் உண்டான காலமா? மூன்றும் ஒன்றுக்கொன்று கோடிக்கணக்கான ஆண்டுகள் விலகி நிற்கக்கூடியவை.

இமயத்தையே எடுத்துக்கொள்ளலாம். 8,849 மீட்டர் உயர எவரெஸ்ட்டின் உச்சியில் இருப்பது சுண்ணாம்புப் பாறை. 45 கோடி ஆண்டுகளுக்கு முன்பே ஆழமில்லாத கடலின் அடியில் படிந்தது. அதில் டிரைலோபைட் போன்ற பழங்காலக் கடலுயிர்களின் சிதறல்கள் இருக்கின்றன. அதே மலையின் கீழ்ப்பகுதியில் வெள்ளை வெள்ளையாக ஓடும் கிரானைட், சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் உருகி உறைந்தது. இமாச்சலத்தின் சட்லெஜ் பள்ளத்தாக்கில், வாங்டு பக்கம் சாலையோரம் நிற்கும் பாறைக்கு 180 கோடிக்கும் மேல் வயது. தொடரின் மேற்குக் கோடியில் நங்க பர்பத். 8,126 மீட்டர் உயரமுள்ள அந்த மலையில் எடுத்த சில கிரானைட்டுகளின் வயது வெறும் 10 லட்சம் ஆண்டு. எல்லாமே இமயம்தான். இதில் எந்த எண்ணை இமயத்தின் வயது என்பது?

எந்த ஒற்றை எண்ணும் விடையாகாது. ஒரு மலைத்தொடருக்குப் பிறந்த தேதி கிடையாது. வாழ்க்கை வரலாறுதான் உண்டு. பாறைக்குள் இருக்கும் ஒவ்வொரு கனிமமும் அந்த வரலாற்றில் ஓர் அத்தியாயத்தை மட்டும் குறித்து வைத்திருக்கிறது. எந்தக் கனிமம் எந்த அத்தியாயத்தைக் குறித்தது என்று பிரித்தறிவதுதான் இந்தத் துறையின் வேலை.

கல்லுக்குள் ஓடும் கடிகாரம்

அடிப்படைக் கணக்கு எளிது. யுரேனியம் தானாகவே சிதைந்து, படிப்படியாக மாறிக் கடைசியில் ஈயமாகிறது. யுரேனியம்-238 பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டு ஆகும். யுரேனியம்-235 பாதியாக 70 கோடி ஆண்டு. சூடு, அழுத்தம், ஆழம் எதுவும் இந்த வேகத்தை மாற்றாது. ஒரு கனிமத்துக்குள் எவ்வளவு யுரேனியம் மிச்சம், எவ்வளவு ஈயம் சேர்ந்திருக்கிறது என்று அளந்தால் காலம் கிடைத்துவிடும்.

1907இல் அமெரிக்க வேதியியலர் பெர்ட்ரம் போல்ட்வுட் இந்தக் கணக்கைப் போட்டு, சில கனிமங்களின் வயதை முதன்முதலில் பட்டியலாக வெளியிட்டார். அந்தப் பட்டியலில் மிக மூத்ததாக நின்றது இலங்கையில் கிடைத்த தோரியனைட்: 220 கோடி ஆண்டு. அந்தக் கனிமம் அறிவியல் உலகுக்கு அறிமுகமானது அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னால், 1904இல். அப்போது இலங்கையின் கனிம ஆய்வுத் துறைக்குத் தலைமை வகித்தவர் ஆனந்த குமாரசுவாமி. பிற்காலத்தில் இந்தியக் கலை வரலாற்றாசிரியராக உலகப் புகழ்பெற்ற அதே குமாரசுவாமிதான். ஈழத் தமிழரான சர் முத்து குமாரசுவாமியின் மகன். லண்டனில் நிலவியல் படித்தவர். நடராசர் சிலையைப் பற்றி எழுதுவதற்கு முன்பே கற்களைப் பற்றி எழுதியவர்.

போல்ட்வுட் சொன்ன 220 கோடி பெரும் பிழை. இலங்கையின் அந்தப் பாறைகள் சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் வெந்து உருமாறியவை என்று இன்று தெரியும். தோரியமும் சிதைந்து ஈயத்தைத் தரும் என்பது போல்ட்வுட்டுக்குத் தெரியாது. தோரியம் நிறைந்த கனிமத்தில் சேர்ந்த ஈயம் முழுவதையும் யுரேனியத்தின் கணக்கில் எழுதிவிட்டார். யுரேனியம் சிதையும் வேகமும் அன்று சரியாகத் தெரியாது. ஐசோடோப்பு என்ற கருத்தே 1913இல்தான் வந்தது. இதற்கிடையில் 1911இல், 21 வயது ஆங்கிலேய மாணவர் ஆர்தர் ஹோம்ஸ் நார்வே நாட்டுப் பாறை ஒன்றுக்கு 37 கோடி ஆண்டு என்று கணக்கிட்டார்.

இந்தக் கணக்குக்கு ஏற்ற கனிமமாக நிலைத்தது சிர்க்கான். கிரானைட் போன்ற பாறைகளில் பெரும்பாலும் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவில் கிடக்கும் துகள். அது வளரும்போது யுரேனியத்தைத் தன் படிக அடுக்குக்குள் ஏற்றுக்கொள்ளும். ஈயத்தைக் கிட்டத்தட்ட முழுதாக ஒதுக்கிவிடும். ஆகவே உள்ளே இருக்கும் ஈயம் பிறகு பிறந்ததுதான். போதாக்குறைக்கு ஒரே துகளுக்குள் யுரேனியம்-238, யுரேனியம்-235 என இரண்டு கடிகாரங்கள் வெவ்வேறு வேகத்தில் ஓடுகின்றன. இரண்டும் ஒரே நேரத்தைக் காட்டினால் நம்பலாம். காட்டாவிட்டால், இடையில் ஏதோ ஒரு வெப்பமோ நீரோ புகுந்து ஈயத்தைக் கசியவிட்டிருக்கிறது என்று பொருள்.

இலங்கைக் கல்லே படிக்கல்

எடைக்கல் சரியாக இருந்தால்தானே தராசை நம்ப முடியும்? வயது கணிக்கும் கருவிகளுக்கும் அப்படி ஒரு படிக்கல் வேண்டும். ஏற்கெனவே துல்லியமாக வயது தெரிந்த, உள்ளுக்குள் எங்கே தொட்டாலும் ஒரே வயது காட்டுகிற சிர்க்கான்தான் அது. அத்தகைய சிர்க்கான்களில் முக்கியமான சில இலங்கையின் மாணிக்கக்கல் சரளைகளில் கிடைத்தவை. பிஆர்266 என்ற துண்டின் வயது 55.9 கோடி ஆண்டு. எம்257 என்பது 56.1 கோடி. பின்னது பட்டை தீட்டிய ஒற்றைக் கல். எடை 5 கிராம் சொச்சம். மோதிரத்தில் ஏறியிருக்க வேண்டியது. ஆய்வகங்களில் உடைக்கப்பட்டு, பல நாட்டு மலைகளின் வயதைச் சரிபார்க்கப் பயன்படுகிறது.

இலங்கையில் இப்படிப்பட்ட கற்கள் ஏன் கிடைக்கின்றன என்பதற்கு விடை, 55 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே இருந்த ஒரு மலைத்தொடரில் இருக்கிறது. அந்தத் தொடர் தமிழ்நாட்டின் வழியாகவும் போனது. அதற்கு முன் ஆய்வகத்துக்குள் ஒரு சுற்று.

ஒரு மூட்டைக் கல், ஒரு சிட்டிகைத் துகள்

மலையில் ஏறிச் சுத்தியலால் உடைத்து, சாக்கில் கட்டிக் கொண்டுவரும் கல்லை முதலில் இடித்துப் பொடியாக்குகிறார்கள். சலித்து, நீரோடும் சாய்மேசையில் விட்டு, இலேசான குவார்ட்சையும் ஃபெல்ட்ஸ்பாரையும் கழுவித் தள்ளுகிறார்கள். மிச்சத்தை அடர்த்தி மிகுந்த திரவத்தில் கொட்டினால் சிர்க்கானும், அதைப்போலவே வயது சொல்லும் மோனசைட் என்ற கனிமமும் அடியில் தங்கும். காந்தத்தால் இன்னும் பிரித்து, கடைசியில் நுண்ணோக்கியின் அடியில் மெல்லிய ஊசியால் ஒவ்வொரு துகளாகப் பொறுக்க வேண்டும். ஒரு மூட்டைக் கல்லில் ஒரு சிட்டிகை தேறும். அதைப் பிசினில் பதித்து, ஒவ்வொரு துகளும் பாதியாகத் தேயும்வரை மெருகேற்றுகிறார்கள்.

அந்த வெட்டுமுகத்தை எலெக்ட்ரான் கற்றையின் அடியில் பார்த்தால்தான் சுவாரசியம். நடுவில் ஒரு கரு. அதைச் சுற்றி ஒரு வளர்ச்சி. அதற்கு வெளியே ஓர் ஓரம். பழைய சிர்க்கான் ஒன்று பின்னொரு காலத்தில் மறுபடி வெந்தபோது அதன் மேல் புதிய அடுக்கு படர்ந்திருக்கிறது. இனி லேசர் கதிரோ அயனிக் கற்றையோ கொண்டு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு அகலத்துக்கு ஒரு குழி. அதில் எழும் ஆவியை நிறைமானிக்குள் செலுத்தினால் ஐசோடோப்புகளின் விகிதம் வந்துவிடும். ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் வில்லியம் காம்ஸ்டன் குழு 1980ஐ ஒட்டி உருவாக்கிய ‘ஷ்ரிம்ப்’ கருவிதான் இப்படி ஒரு துகளுக்குள்ளேயே இடம் பார்த்து அளக்கும் வழியைத் திறந்தது. இந்தியாவில் டேராடூனின் வாடியா இமாலய நிலவியல் நிறுவனம், ஹைதராபாத்தின் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனம், டெல்லியின் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான முடுக்கி மையம் போன்ற இடங்களில் இந்த வகை வேலை நடக்கிறது.

குழி பாதி கருவிலும் பாதி ஓரத்திலும் விழுந்துவிட்டால்? கருவின் வயது 250 கோடி, ஓரத்தின் வயது 55 கோடி என்றால், இரண்டுக்கும் நடுவே ஒரு எண் வரும். திரையில் அழகாகத் தெரியும். ஆனால் அந்தக் காலத்தில் எதுவுமே நடந்திருக்காது. துகளின் உள்படத்தைப் பார்க்காமல் எடுத்த பழைய எண்கள் பலவற்றை இன்று மறு ஆய்வு செய்வது இதனால்தான்.

எந்தச் சூட்டில் எது பூட்டிக்கொள்ளும்?

சிர்க்கான் மட்டும் போதாது. அது பிறந்ததைச் சொல்லும். பிறகு பாறை எப்போது மேலே வந்தது என்று சொல்லாது. அதற்கு வேறு கனிமங்கள் வேண்டும். காக்காப்பொன் என்று நாம் சொல்லும் மைக்காவில் பொட்டாசியம் உண்டு. அதில் ஒரு வகை சிதைந்து ஆர்கான் வாயுவாகிறது. பாறை கொதிக்கும் சூட்டில் இருக்கும்வரை ஆர்கான் வெளியேறிவிடும். ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே ஆறிய பிறகுதான் உள்ளே சிக்கிக்கொள்ளும். கடிகாரம் ஓடத் தொடங்குவது அந்தக் கணத்தில். இந்த ‘பூட்டும் வெப்பநிலை’யை 1973இல் கணிதமாக வகுத்துக் கொடுத்தவர் மார்ட்டின் டாட்சன்.

மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும், பக்கத்திலேயே இருக்கும் நல்லெண்ணெய் உறையாது. கனிமங்களும் அப்படித்தான், ஒவ்வொன்றுக்கும் ஒரு சூடு. சிர்க்கான் 900 டிகிரி செல்சியஸுக்கு மேலும் ஈயத்தை விடாது. ஹார்ன்பிளெண்ட் சுமார் 500 டிகிரியில் ஆர்கானைப் பூட்டும். வெள்ளை மைக்கா 400 டிகிரியை ஒட்டி. கறுப்பு மைக்கா 300 டிகிரியை ஒட்டி. அபடைட் என்ற கனிமத்தில் யுரேனிய அணு பிளந்து சிதறும்போது விழும் கீறல்கள் 110–120 டிகிரிக்குக் கீழே ஆறினால்தான் அழியாமல் நிலைக்கும். அந்தப் பிளவுத் தடங்களை அமிலத்தில் துலக்கி, நுண்ணோக்கியில் எண்ணுகிறார்கள். அபடைட்டில் சேரும் ஹீலியம் இன்னும் கீழே, சுமார் 70 டிகிரியில் பூட்டும்.

நிலத்துக்குள் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் சூடு ஏறக்குறைய 25–30 டிகிரி கூடும். அப்படியென்றால் வெப்பநிலை என்பது ஆழத்தின் மறுபெயர். அபடைட் தரும் தேதி, பாறை நிலத்திலிருந்து மூன்று நான்கு கிலோமீட்டர் ஆழத்தைக் கடந்த தேதி. கறுப்பு மைக்கா தருவது பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஆழத்தைக் கடந்த தேதி. ஒரே கல்லிலிருந்து நாலு கனிமங்களை அளந்தால், அந்தக் கல் ஆழத்திலிருந்து மேலே ஏறிவந்த பாதையும் வேகமும் கைக்கு வரும்.

இமயத்தின் ஐந்து கோடி ஆண்டு

இந்தக் கடிகாரங்களை வரிசையாக வைத்துத்தான் இமயத்தின் கதை எழுதப்பட்டது. இந்தியத் தட்டு வடக்கே நகர்ந்து ஆசியாவை முட்டியது சுமார் 5 முதல் 6 கோடி ஆண்டுகளுக்கு முன். மோதிய இந்தியாவின் முன்விளிம்பு ஆசியாவின் அடியில் நுழைந்தது. எவ்வளவு ஆழம்? பாகிஸ்தானின் ககான் பள்ளத்தாக்கிலும் லடாக்கின் சோ மோரிரி ஏரிப் பக்கத்திலும் கோயசைட் என்ற கனிமம் கிடைத்திருக்கிறது. சாதாரண குவார்ட்சை 90 கிலோமீட்டர் ஆழத்துக்குரிய அழுத்தத்தில் நெருக்கினால் வருவது அது. கண்டப் பாறை, இலேசானது, மிதக்கக்கூடியது; அதுவே அவ்வளவு ஆழம் இழுத்துச் செல்லப்பட்டிருக்கிறது.

ககானில் அந்தக் கோயசைட், சிர்க்கான் துகளுக்குள்ளேயே சிக்கிக் கிடந்தது. சிர்க்கானின் அந்த அடுக்கு வளர்ந்த தேதி 4.6 கோடி ஆண்டு. ஆழமும் காலமும் ஒரே துகளில் சேர்ந்து கிடைப்பது அரிது. மேலும் சில கனிமங்களின் தேதிகளை அதோடு சேர்த்தபோது, அந்தப் பாறை ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் மேலேறியிருக்கிறது என்று தெரிந்தது. இன்று இந்தியா ஆசியாவை நோக்கி நகர்வதும் ஆண்டுக்கு நாலைந்து சென்டிமீட்டர்தான். தட்டு நகரும் வேகத்துக்கு இணையாகப் பாறை மேலேறியிருக்கிறது.

அடுத்த அத்தியாயம் உருகல். மேலோடு மடங்கித் தடித்ததும் அடியில் சூடு ஏறி, பாறை பகுதியாக உருகியது. அந்த உருகல் உறைந்ததே வெளிர் கிரானைட். கங்கோத்ரிக்கு மேலே நிற்கும் சிவலிங் சிகரம் அந்தக் கல்தான். அதன் மோனசைட் காட்டும் வயது 2.3 கோடியை ஒட்டியது. ஏறக்குறைய அதே காலத்தில், 2.3 முதல் 2 கோடி ஆண்டுகளுக்கு முன், இமயத்தின் உள்ளே மத்திய பெரும்பிளவு என்னும் சாய்தளத்தில் ஒரு பெரும் பாறைப் பலகை தெற்கு நோக்கி ஏறியது. ஆழத்தில் வெந்த பாறை, வேகாத பாறையின் மேல் போய் உட்கார்ந்தது இப்படித்தான்.

மோனசைட் இதில் இன்னொரு நுட்பமும் சொல்கிறது. கார்னெட் என்ற கனிமம் வளரும்போது பாறையில் உள்ள இட்ரியம் என்ற தனிமத்தை உறிஞ்சிக்கொள்ளும். அந்த நேரத்தில் வளரும் மோனசைட்டில் இட்ரியம் குறைவாக இருக்கும். பிறகு கார்னெட் உடையத் தொடங்கினால் இட்ரியம் வெளியேறும். அப்போது வளரும் மோனசைட் அடுக்கில் அது கூடியிருக்கும். ஆக, ஒரே மோனசைட் துகளின் உள் அடுக்கும் வெளி அடுக்கும் வேறு வேறு தேதி காட்டினால், உள் அடுக்கு மலை அழுந்திக்கொண்டிருந்த காலத்தையும் வெளி அடுக்கு மலை உருகி எழத் தொடங்கிய காலத்தையும் சொல்கின்றன. வெறும் எண், நிகழ்ச்சியாக மாறுவது இந்த இடத்தில்.

எழுந்த மலை எழும்போதே கரைகிறது. கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுபோய்க் கொட்டிய வண்டல், வங்கக் கடலின் அடியில் இலங்கைக்கும் தெற்கே வரை சுமார் 3,000 கிலோமீட்டர் நீளும் விசிறியாகப் படிந்திருக்கிறது. உலகின் மிகப் பெரிய கடலடி வண்டல் விசிறி இதுதான். 2015இல் பன்னாட்டுக் கடலடித் துளைப்புத் திட்டம் இதன் நடுவே ஏழு இடங்களில் துளையிட்டது. வண்டலில் கிடைக்கும் துகள் எப்போது ஆறியது, எப்போது கடலில் படிந்தது என்ற இரு தேதிகளின் இடைவெளி குறுகியிருந்தால் மலை வேகமாகக் கரைந்திருக்கிறது என்று பொருள். மலையில் இன்று இல்லாத பாறையின் வரலாறு இப்படிக் கடலடியில் கிடைக்கிறது.

பல்லாவரம் முதல் பழனி மலை வரை

இமயம் கண்முன் எழுந்துகொண்டிருக்கும் மலைத்தொடர். தென்னிந்தியா, எழுந்து கரைந்துபோன மலைத்தொடர்களின் அடித்தளம்.

சென்னை விமான நிலையத்தைச் சுற்றியுள்ள பரங்கிமலை, பல்லாவரம், திரிசூலம் குன்றுகளின் கருங்கல்லுக்கு உலக நிலவியலில் தனிப் பெயர் உண்டு: சார்னோக்கைட். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்கத்தாக் கல்லறையில் பதித்த கல் சென்னைப் பக்கத்திலிருந்து போனது. அதை ஆராய்ந்த இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலண்ட், 1893இல் அவர் பெயரையே கல்லுக்கு வைத்தார். பல்லாவரத்தில் அந்தப் பாறை இன்று தேசிய நிலவியல் சின்னம். 700 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில், நீர்ப்பசை அற்ற நிலையில், 20–30 கிலோமீட்டர் ஆழத்தில் உருவாகும் கல் அது. குவாரியில் உடைத்து ஜல்லியாக்கி வீடு கட்டும் அந்தக் கல், ஒரு காலத்தில் மேலே அவ்வளவு தடிமனான பாறையைச் சுமந்துகொண்டிருந்தது.

சென்னை, சேலம், நீலகிரி வட்டாரத்துச் சார்னோக்கைட்டுகள் வெந்தது சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன். பாலக்காட்டுக் கணவாயிலிருந்து காவிரியை ஒட்டிக் கிழக்கே ஓடும் பாலக்காடு–காவிரிப் பிளவு மண்டலத்தைத் தாண்டித் தெற்கே போனால் எண் மாறிவிடுகிறது. பழனி மலை, கொடைக்கானல் பக்கத்துச் சிர்க்கானில் கரு 250 கோடி காட்டுகிறது; ஓரம் 55 கோடி காட்டுகிறது. மோனசைட்டும் 55 கோடியைத்தான் சொல்கிறது. பழைய கல், இரண்டாம் முறை அடுப்பில் ஏறியிருக்கிறது.

சாதாரணச் சூடும் அல்ல. வத்தலக்குண்டிலிருந்து பெரியகுளம் போகும் வழியில் கெங்குவார்பட்டி மலையடிவாரத்தில் சஃபிரின் என்னும் நீலக் கனிமம் உள்ள பாறை கிடைக்கிறது. அந்தப் பாறையின் கனிமக் கூட்டு 900 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டைக் காட்டுகிறது. மேலோட்டுப் பாறை முழுதாக உருகாமல் தாக்குப்பிடிக்கும் எல்லையை ஒட்டிய சூடு அது. உலகில் சில இடங்களில் மட்டும் காணப்படும் இந்த ‘அதி உயர் வெப்ப’ப் பாறைகளைத் தேடி நிலவியலாளர்கள் திண்டுக்கல், தேனி மாவட்டங்களுக்கு வருகிறார்கள்.

கேரளத்தின் தென்பகுதி, இலங்கையின் மலையகம், மடகாஸ்கர், மொசாம்பிக், கிழக்கு அண்டார்க்டிகாவின் கரையில் ஒரு பகுதி என்று இதே 55 கோடியை ஒட்டிய எண் தொடர்ந்து வருகிறது. இவையெல்லாம் ஒரே மலைத்தொடரின் துண்டுகள். கிழக்கு, மேற்கு நிலப்பகுதிகள் மோதிக் கோண்டுவானா என்ற பெருங்கண்டமாக இணைந்தபோது, அரேபியாவிலிருந்து அண்டார்க்டிகா வரை எழுந்த தொடர் அது. தென்னிந்தியாவில் 30 கிலோமீட்டர் ஆழத்தில் வெந்த பாறை இன்று வெயிலில் கிடக்கிறது. அதற்கும் கீழே இன்னும் 40 கிலோமீட்டர் அளவுக்கு மேலோடு இருக்கிறது. இரண்டையும் கூட்டினால் 70. இன்றைய திபெத்தின் மேலோடு அந்தத் தடிமன்தான். தோராயக் கணக்குத்தான் என்றாலும், மதுரைக்கு மேலே ஒரு காலத்தில் எவ்வளவு பாறை இருந்தது என்பதை ஊகிக்க இது போதும்.

அந்தத் தொடரின் மிச்சம் கடற்கரையிலும் கிடைக்கிறது. மணவாளக்குறிச்சியிலும் கேரளத்துச் சவறையிலும் தோண்டியெடுக்கும் தாது மணலில் உள்ள மோனசைட், சிர்க்கான், கார்னெட் எல்லாம் உள்நாட்டுப் பாறைகள் கரைந்து ஆறுகள் வழியே வந்தவை. அணுசக்தித் துறைக்குத் தோரியம் தரும் மூலப்பொருளும் மலையின் வயதைச் சொல்லும் சாட்சியும் ஒரே மணல்தான்.

மூன்றாவது வயது

அப்படியானால் இன்று 2,637 மீட்டர் நிற்கும் தொட்டபெட்டாவும் 2,695 மீட்டர் நிற்கும் ஆனைமுடியும் அந்தப் பழைய மலைகளின் எச்சமா? கல் அந்தக் காலத்தது. உயரம் அந்தக் காலத்தது அல்ல. கோண்டுவானா உடைந்து, சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கர் இந்தியாவிடமிருந்து பிரிந்தது. உடுப்பிக்கு அருகே செயின்ட் மேரி தீவுகளில் உள்ள எரிமலைப் பாறைகளின் வயது அந்தப் பிரிவோடு ஒத்துப்போகிறது. பிறகு 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வடக்கே தக்காண எரிமலைக் குழம்பு கொட்டியது. கண்டம் கிழிந்த விளிம்பு உயர்ந்தும் அரிந்தும் போனதில் உண்டான சரிவுதான் மேற்குத் தொடர்ச்சி மலையின் கடல்நோக்கிய முகம். கண்டங்கள் மோதியதால் இமயம் எழுந்தது. கண்டம் பிரிந்ததால் இந்த மலைமுகம் உண்டானது.

அபடைட் இந்த வித்தியாசத்தைத் தெளிவாகக் காட்டுகிறது. இமயத்தின் பல பள்ளத்தாக்குகளில் அதன் தேதி 50 லட்சம் ஆண்டுக்கும் குறைவு. நேற்று வரை நாலு கிலோமீட்டர் ஆழத்தில் கிடந்த கல் என்று அதற்குப் பொருள். தென்னிந்தியாவில் அபடைட் பல கோடி ஆண்டுகளைக் காட்டுகிறது. இங்கே கல் வெகுகாலமாகவே மேலே இருக்கிறது. தேய்மானம் மெதுவாக நடக்கிறது. பாறையின் வயது, மலையாக்கத்தின் வயது, உயரத்தின் வயது என மூன்றையும் தனித்தனியே கேட்டால்தான் யார் மூத்தவர் என்பதற்குப் பொருளுள்ள விடை வரும். மூன்று கேள்விகளுக்கும் தென்னிந்தியாவே மூத்தது என்றாலும், ஒவ்வொன்றிலும் இடைவெளி வேறு.

எண்ணில் ஒற்றுமை, பொருளில் சண்டை

55 கோடி ஆண்டுகளுக்கு முன் இரு நிலப்பகுதிகள் மோதின என்றால், நடுவே இருந்த கடல் மூடிய தையல் எங்கே? பாலக்காடு–காவிரிப் பிளவு மண்டலம்தான் அந்தத் தையல் என்று ஒரு சாரார் வெகுநாளாக வாதிடுகிறார்கள். காவிரியை ஒட்டிய மணமேட்டில் கடல்தரைப் பாறைபோல் தோன்றும் அடுக்குக்குச் சுமார் 80 கோடி ஆண்டு வயது கிடைத்ததை அவர்கள் ஆதாரமாகக் காட்டுகிறார்கள். மறு சாராரின் கேள்வி எளிமையானது: கோட்டின் வடக்கிலும் 250 கோடி ஆண்டுப் பாறை, தெற்கில் கொடைக்கானல் பக்கமும் 250 கோடிக் கரு. இரண்டு பக்கமும் ஒரே நிலம் என்றால் நடுவே கடல் எப்படி இருந்திருக்கும்? அவர்களில் சிலர் தையலை இன்னும் தெற்கே, கரூர்–கம்பம்–பைனாவு–திருச்சூர் என்று வளைந்து போகும் மண்டலத்தில் தேடுகிறார்கள்.

இரு தரப்பும் தேதிகளை மறுக்கவில்லை. அந்தத் தேதி எதைக் குறிக்கிறது என்பதில்தான் தகராறு: கல் பிறந்ததையா, முதல் முறை வெந்ததையா, இரண்டாம் முறை வெந்ததையா? தீர்வுக்கு இன்னும் கூடுதலான எண்கள் தேவை என்பதைவிட, எந்த அடுக்கில், எந்தக் கனிமத்தோடு ஒட்டி, எந்தச் சூட்டில் என்று விவரம் தெரிந்த எண்கள் தேவை. அதற்கு வெயிலிலும் மழையிலும் மக்காத புதுக் கல் வேண்டும். தமிழ்நாட்டில் அது பெரும்பாலும் கிடைக்குமிடம் கல்குவாரிகள். குவாரி இல்லாவிட்டால் அந்த முகம் திறந்திருக்காது. குவாரி தொடர்ந்தால் அந்த முகம் கிரஷருக்குப் போய்விடும். பல்லாவரத்துக்குக் கிடைத்த சின்னம் என்ற பாதுகாப்பு, கரூருக்கும் கம்பத்துக்கும் இடையில் ஆய்வாளர்கள் குறித்து வைத்திருக்கும் சில பாறை முகங்களுக்காவது கிடைக்க வேண்டும். குவாரி உரிமம் புதுப்பிக்கும்போது அந்த இடங்களை மட்டும் விட்டுவைக்கச் சொல்வது அரசுக்குப் பெரிய செலவு வைக்கும் காரியமும் இல்லை.